நண்பர்களின் கால்பந்து ஊகப் போட்டி

கால்பந்தாட்டத்தைப் பார்ப்பதில் ஓர் இன்பம் உண்டு. அதன் முடிவை முன்கூட்டியே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்ப்பதில் வேறோர் இன்பம் உண்டு. எந்த நாடு வென்றால் நமக்கென்ன என்று இருந்தவரும், டென்மார்க்குக்கும் துனீசியாவுக்கும் நடக்கும் ஆட்டம் கோல் ஏதுமின்றிச் சமமாக முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டாரானால், கடைசி விசில் ஊதும் வரையில் இருந்த இடத்தை விட்டு எழமாட்டார். தலைநகரில் ஒரே வளாகத்திலுள்ள மத்திய சர்க்கார் அலுவலகங்களில் பணிபுரியும் நாங்கள் பதினொருவர், 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கத்தார் நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி தொடங்குமுன், எங்களுக்குள் இத்தகைய ஊகப் போட்டி ஒன்றை ஏற்படுத்திக்கொண்டோம். அதை எவ்வாறு நடத்தினோம், எவ்விடத்தில் தவறினோம் என்பதை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

இவ்வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தில் இதனைப் பெருந்தொழிலாகவே நடத்தினார்கள். அங்கு இதற்குப் 'பூல்ஸ்' என்று பெயர். அத்தொழிலில் புகழ்பெற்ற லிட்டில்வுட்ஸ் நிறுவனமும் நண்பர்கள் மூவர் கூடித் தொடங்கியதுதான். 1923ஆம் ஆண்டில் ஜான் மூர்ஸ் என்ற இளைஞர், தந்தி நிறுவனத்தில் தம்முடன் வேலை பார்த்த இருவரைச் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கு 50 பவுன் முதலிட்டனர். இந்த உபதொழில் எஜமானர்களுக்குத் தெரிந்தால் உத்தியோகத்துக்கு ஆபத்து என்று அஞ்சி, மூவருள் ஒருவரான காலின் ஆஸ்கம் என்பவர் பிறப்பால் பெற்ற 'லிட்டில்வுட்' என்னும் குடும்பப் பெயரை நிறுவனத்துக்கு இட்டனர். மான்செஸ்டரில் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு வெளியே 4,000 கூப்பன்களை விநியோகித்தார்கள். எழுதித் திரும்பி வந்தவை 35. நஷ்டம் தாங்காமல் இருவரும் விலகிக்கொண்டனர்; மூர்ஸ் மட்டும் விடாப்பிடியாக நடத்திப் பெருஞ்செல்வரானார்.

அந்தப் பூல்ஸ் கூப்பன்களில் மிகவும் பெயர் பெற்றது, சமநிலையில் முடியக்கூடிய எட்டு ஆட்டங்களைப் பொறுக்கி எடுப்பது. 49 ஆட்டங்களிலிருந்து எட்டை எத்தனை விதமாகப் பொறுக்கலாம் என்று கணக்கிட்டால், 45 கோடிக்கு மேல் வருகிறது. ஆயினும் தொழிற்சாலைத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் வாரந்தோறும் சில்லறைக் காசை வைத்து எழுதி அனுப்பினார்கள்.

1962-63ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் மைதானங்கள் உறைந்துபோய், வாரக்கணக்கில் ஆட்டங்கள் தடைப்பட்டன. கூப்பன் எழுதியவர்களுக்கு என்ன விடை கூறுவது? 1963 ஜனவரி 26ஆம் நாள் லண்டனில் ஓர் அறையில், பிரபசோன் பிரபுவின் தலைமையில், டாம் ஃபின்னி, டாமி லாட்டன், டெட் டிரேக், ஜார்ஜ் யங் என்னும் முன்னாள் ஆட்டக்காரர் நால்வரும், நடுவர் ஆர்தர் எல்லிஸும் கூடினார்கள். ஆடப்பட்டிருந்தால் எந்த ஆட்டம் எப்படி முடிந்திருக்கும் என்று ஆலோசித்து அறிவித்தார்கள். அவர்கள் சொன்னதே முடிவாகக் கொள்ளப்பட்டது. ஆடாத ஆட்டத்துக்கு அந்த அறுவரும் முடிவு சொல்லிவிட்டனர். ஆடி முடிந்த ஆட்டம் ஒன்றுக்கு எங்கள் பதினொருவராலும் முடிவு சொல்ல இயலாமற் போனதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

முதலில் ஏற்பாட்டைக் கூறிவிடுகிறோம். ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 2,200 ரூபாய் திரட்டி, முதலாவதாக வருபவருக்கு அளிப்பதென்று தீர்மானித்தோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றின் மூடியில் துளையிட்டு உண்டியலாக்கினோம். அன்றன்று நடைபெறும் ஆட்டங்களுக்குரிய சீட்டைப் பகல் ஒரு மணிக்குள் அதில் போட்டுவிடவேண்டும். கத்தாரில் ஆடிய முதல் சுற்று ஆட்டங்களிற் சில நம் நாட்டு நேரப்படி பிற்பகல் 3.30க்கே தொடங்கிவிடும், அலுவலக நேரத்தில் சீட்டும் கையுமாக அலைவது அழகன்று என்பதற்காகவே சாப்பாட்டு இடைவேளையைக் கெடுவாக வைத்தோம். ஒரு மணிக்குப் பிறகு வரும் சீட்டு எத்தகைய காரணம் கூறினாலும் செல்லாது. இந்த ஒரு விதியில் மட்டும் நாங்கள் கடைசிவரை உறுதியாக நின்றோம். அதனால் இதைப் பற்றி ஒருநாளும் மனத்தாங்கல் ஏற்பட்டதில்லை.

மதிப்பெண் வழங்கும் முறையில்தான் நிறைய விவாதம் நடந்தது. வெற்றி, தோல்வி, சமநிலை என்னும் மூன்றில் ஒன்றைச் சரியாகச் சொன்னால் எத்தனை, கோல் எண்ணிக்கையையும் அப்படியே சொன்னால் எத்தனை? எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னவருக்குப் பத்தும், மற்றவர்க்கு ஒன்றும் தரலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்தால் விஷயம் தெரிந்தவரைக் காட்டிலும் குருட்டு அதிர்ஷ்டக்காரரே முன்னுக்கு வருவார். அது ஏன் என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

2022ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள் விழுந்தன. சராசரி, ஆட்டத்துக்கு ஏறக்குறைய 2.7. இவ்வாறு அரிதாகவும் ஒழுங்கற்றும் நிகழும் நிகழ்ச்சிகளைக் கணக்கிட, பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் புவாசோன் 1837இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். கால்பந்துக் கோல்களும் ஏறத்தாழ அச்சூத்திரத்துக்குக் கட்டுப்படுகின்றன என்பதைப் பிற்காலப் புள்ளியியலார் எடுத்துக்காட்டியிருக்கின்றனர். சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதும்போது அந்தச் சராசரியை வைத்துப் பார்த்தால், ஆட்டம் 1-1 என்று முடிவதற்கு நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. ஏதேனும் ஒரு குறிப்பிட்ட அணி 1-0 என்று வெல்ல ஒன்பது பங்கு. கோலே இல்லாமல் முடிய ஏழு பங்கு. எல்லாவற்றிலும் அதிகமாக நடக்கக்கூடியது என்று சொல்லத்தக்க எண்ணிக்கையே எட்டில் ஒரு முறைதான் பலிக்கும் என்பது இதனால் விளங்கும். கணக்கு அறிந்தவரும் ஏழு முறை ஏமாறவே வேண்டும். அந்த ஏழில் பெரிய இழப்பும், எட்டாவதில் பெரிய இலாபமும் வருமானால், அது லாட்டரிச் சீட்டுக்கு ஒப்பாகிவிடும்.

கணக்கும் சராசரியைத்தான் சொல்லுமேயன்றி, நாளைக்கு நடப்பதைச் சொல்லாது. மேற்கண்ட விகிதப்படி 64 ஆட்டங்களில் நான்கு அல்லது ஐந்து ஆட்டங்கள் கோலின்றி முடியவேண்டும். 2018இல் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் அவ்வாறு முடிந்தது டென்மார்க்கும் பிரான்ஸும் ஆடிய ஒரே ஓர் ஆட்டம். 2022இலோ ஏழு. அவற்றுள் ஒன்றுதான் தொடக்கத்தில் குறிப்பிட்ட டென்மார்க் - துனீசியா ஆட்டம்.

முடிவில், வெற்றி தோல்வியைச் சரியாகச் சொன்னால் 2, கோல் வித்தியாசமும் சரியாக இருந்தால் 3, எண்ணிக்கை அப்படியே பொருந்தினால் 5 என்று ஏற்றுக்கொண்டோம். சமநிலை என்று எழுதிச் சமநிலையாகவே முடிந்தால் வித்தியாசமும் தானே பொருந்திவிடுமாதலால், அதற்கு எப்போதும் 3 உண்டு. இம்முறை நன்றாகவே வேலை செய்தது. நவம்பர் 22ஆம் நாள் சவூதி அரேபியா 2-1 என்ற கணக்கில் அர்ஜென்டினாவை வீழ்த்தியபோது பதினொரு சீட்டும் பாழாயின. முப்பத்தாறு ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அணியை எவர்தாம் கைவிடுவார்? எல்லாரும் தோற்ற அன்று மாலைத் தேநீர் வேளையில் இருந்த கலகலப்பு பிற நாட்களில் இருந்ததில்லை.

விதிகளை எழுதும் பொறுப்பும் கணக்கு நோட்டும் நம்மிடம் வந்து சேர்ந்தன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவராயிற்றே, சொற்களைச் சுத்தமாக எழுதுவார் என்று நண்பர்கள் நம்பியதே அதற்குக் காரணம். 'ஆட்டத்தின் முடிவைச் சரியாகக் கூறியவருக்கு' என்று தொடங்கித் தமிழில் எழுதினோம். தமிழறியாத நண்பர்களுக்காக ஆங்கிலத்திலும் இந்தியிலும் அதையே பெயர்த்து நோட்டின் முதற்பக்கத்தில் ஒட்டினோம். 'முடிவு' என்பது தமிழில் எவ்வளவு வளைந்து கொடுக்கும் சொல் என்பதை இருபது ஆண்டுக்கால அனுபவம் நமக்கு நினைவூட்டியிருக்கவேண்டும். இறுதி என்பதும் முடிவு, விளைவு என்பதும் முடிவு, தீர்ப்பு என்பதும் முடிவு. ஆங்கிலத்தில் வைத்த 'ரிசல்ட்' என்னும் சொல்லும் எப்போதைய ரிசல்ட் என்று கூறவில்லை. ஒரு குற்றத்தையே மூன்று மொழிகளில் செய்திருந்தோம்.

முதல் சுற்றின் 48 ஆட்டங்களில் இக்குறை வெளிப்படவில்லை. அங்கே சமமாக முடிந்தால் சமம்தான். தோற்றவர் வெளியேறும் அடுத்த சுற்றுகளில்தான் தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் அரைமணி நேரம் கூடுதல் ஆட்டமும், அதிலும் தீராவிட்டால் பெனால்டி உதைகளும் வருகின்றன. டிசம்பர் 9ஆம் நாள் நெதர்லாந்தும் அர்ஜென்டினாவும் 2-2 என்று சமமாக நின்று, பெனால்டியில் அர்ஜென்டினா வென்றது. எங்களுள் கோழிக்கோட்டு நண்பர், அர்ஜென்டினா வெல்லும் என்று எழுதியிருந்தார். வேறு இருவர் சமநிலை என்று எழுதியிருந்தனர். நாம் என்ன செய்தோம்? வென்றது அர்ஜென்டினாதானே என்று அவருக்கு 2 அளித்தோம். ஆட்டம் சமம்தானே என்று மற்ற இருவருக்கும் 3 அளித்தோம். எல்லார்க்கும் வரவாயிருந்தமையால் யாரும் ஆட்சேபிக்கவில்லை. தாராள மனத்தோடு நடந்துகொண்டதாகவே அன்று எண்ணியிருந்தோம்.

டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. இறுதி ஆட்டம் நம் நேரப்படி இரவு எட்டரை மணிக்கு. நண்பர் ஒருவரின் குவார்ட்டர்ஸில் கூடியிருந்தோம். அன்று காலை நோட்டின்படி கோழிக்கோட்டு நண்பர் 81, வங்காள நண்பர் 78. மற்றவர் எட்டாத தொலைவில் இருந்தனர். கோழிக்கோட்டு நண்பர் அர்ஜென்டினா 1-0 என்று எழுதியிருந்தார். வங்காள நண்பரும் அர்ஜென்டினாவின் பக்தர்தாம். ஆனால் சீட்டில் 2-2 என்று எழுதியிருந்தார்.

அந்த ஆட்டத்தை நேயர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். இடைவேளையில் அர்ஜென்டினா 2-0. எண்பதாவது நிமிடத்திலும் அடுத்த நிமிடத்திலும் எம்பாப்பே இரண்டு கோல் போட்டுச் சமன் செய்தார். தொண்ணூறு நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே ஒன்று, 3-3. பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கோப்பையை வென்றது.

தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்தது. அறைக்குள் நோட்டைத் திறந்தோம். தொண்ணூறு நிமிடமே முடிவு என்றால், வங்காள நண்பருக்கு 5. அவர் 83 பெற்று வென்றார். கூடுதல் நேரத்தோடு சேர்த்து என்றால், எண்ணிக்கை தவறிச் சமநிலைக்கு மட்டும் 3, இருவரும் 81. பெனால்டியில் வென்றதே முடிவு என்றால், கோழிக்கோட்டு நண்பர் 83, அவரே வென்றார். ஒரே ஆட்டம், ஒரே விதி, மூன்று விடைகள்!

கோழிக்கோட்டு நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. "ஒன்பதாம் தேதி பெனால்டியில் வென்றதற்கு இதே நோட்டில் எனக்கு இரண்டு போட்டீர்கள், இன்றைக்கு மட்டும் ஏன் யோசிக்கிறீர்கள், சார்?" வங்காள நண்பர் கேட்டதும் நியாயமே. "அன்று சமம் என்று எழுதியவருக்கும் போட்டீர்களே?" ஆட்ட விதிகளின்படி பெனால்டி உதைகள் ஆட்டம் முடிந்தபின் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு முறையே, அவ்வாறு தீர்ந்த ஆட்டம் குறிப்பேடுகளில் சமநிலை என்றே பதிவாகும். இதனை அன்றிரவு எடுத்துச் சொன்னோம். ஆயினும் ஆட்டம் முடிந்த பிறகு எடுத்து வரும் விதி, அது எவ்வளவு சரியானதாயினும், பாதிக்கப்பட்டவர் கண்ணுக்கு அவரை நோக்கியே செய்யப்பட்டதாகத்தான் தோன்றும்.

எங்களுள் மூத்தவர், அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்தவர், இருவரும் 81 என்று தீர்த்துப் பரிசை ஆளுக்கு 1,100 ரூபாயாகப் பிரித்தார். வங்காள நண்பர் தம் பங்கில் எல்லார்க்கும் இனிப்பு வாங்கினார். கோழிக்கோட்டு நண்பர் மறுநாள் உறையை நம் மேசையின்மீது வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அதன்பின் தேநீருக்கும் வருவதில்லை. மார்ச்சு மாதத்தில் மாற்றலாகி வேறு நகரத்துக்குச் சென்றபோதும் நம்மிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இதில் இன்னொன்றும் உண்டு. மூத்தவரின் தீர்ப்புப்படி பெனால்டி வெற்றிக்கு மதிப்பெண் கிடையாதெனில், ஒன்பதாம் தேதி தந்த 2ஐயும் கழித்திருக்கவேண்டும். அப்போது வங்காள நண்பரே வென்றவராவார். அன்றிரவே அவர் அதைக் கவனித்துவிட்டதாகவும், வேண்டுமென்றே சும்மா இருந்ததாகவும் பல மாதங்களுக்குப் பிறகு கூறினார்.

பணம் வைத்ததே தவறு என்பது எங்கள் இப்போதைய அபிப்பிராயம். நம் நாட்டில் 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமையை மட்டும் சார்ந்த ஆட்டங்களுக்கு விலக்களித்தது. திறமை மிகுந்த போட்டிகள் சூதாட்டமாகா என்ற கருத்தை 1957இல் உச்ச நீதிமன்றமும் பரிசுப் போட்டிகள் பற்றிய வழக்குகளில் விளக்கியது. கால்பந்து ஊகம் திறமையா, அதிர்ஷ்டமா என்று எங்களுக்குள்ளும் பெரிய வாதம் நடந்ததுண்டு. ஆனால் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், இணையவழிப் பண விளையாட்டுகளைப் பொறுத்தவரையில் அந்த வேறுபாட்டையே பாராமல் தடை விதித்தது. நாங்கள் நடத்தியது பிஸ்கட் டப்பாவில். இருந்தாலும் சர்க்கார் ஊழியர்கள் சட்டத்தின் ஓரத்தில் நடந்து பார்க்கவேண்டிய அவசியம் என்ன? 200 ரூபாய் யாருக்கும் பெரிதன்று. ஆனால் பணம் என்று வந்தபின், விட்டுக்கொடுப்பவரும் ஏமாந்தவர் போலத் தோன்றிவிடுகிறார்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மனியில் ஐரோப்பியக் கோப்பைப் போட்டி வந்தபோது மறுபடியும் டப்பாவை எடுத்தோம். இம்முறை வசூல் கிடையாது. பரிசு ஒரு பேனா. கணக்கெழுதுபவர் தம் சீட்டையே முதலில் போடவேண்டும். மற்றவர் சீட்டைப் பார்த்தபின் எழுதினார் என்ற பேச்சுக்கு இடம் இராது. ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் அந்தச் சீட்டு செல்லாது. பிரபசோன் பிரபுவைத் தேடவேண்டியதில்லை. இருவர் சமமாக வந்தால், எண்ணிக்கையை அதிக முறை சரியாகச் சொன்னவர் முதல்வர். எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாறு எழுதினோம்: 'எந்தச் சுற்றாயினும், தொண்ணூறு நிமிட முடிவில் நின்ற கோல் எண்ணிக்கையே கணக்கில் கொள்ளப்படும், கூடுதல் நேரமும் பெனால்டியும் சேரா.' மூன்று மொழிகளிலும் எழுதி, மூன்று பேரிடம் காட்டித் திருத்தி ஒட்டினோம். கோழிக்கோட்டு நண்பருக்கும் விதிகளின் நகலை வங்காள நண்பர் அனுப்பிவைத்தார். அவருடைய ஊகங்களும் வங்காள நண்பரின் கைப்பேசி வழியாக வந்துகொண்டிருந்தன. நம்மிடம் அவர் நேரே பேசவில்லை.

ஜூன் 30ஆம் நாள் இரவு இங்கிலாந்தும் ஸ்லோவாக்கியாவும் ஆடின. இருபத்தைந்தாவது நிமிடத்திலேயே ஸ்லோவாக்கியா ஒரு கோல் போட்டுவிட்டது. தொண்ணூறாவது நிமிடத்திலும் 1-0. நடுவர் சேர்த்துக் கொடுத்த நேரத்தின் ஐந்தாவது நிமிடத்தில் பெல்லிங்கம் தலைகீழாகப் பாய்ந்து உதைத்து அதனைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலேயே கேன் இரண்டாவது கோலைப் போட, இங்கிலாந்து வென்றது. நோட்டில் 1-1 என்று பதிந்துவிட்டு உறங்கப் போனோம்.

காலையில் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் தொலைபேசி மணி அடித்தது. பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு கோழிக்கோட்டு நண்பரின் குரல். ஸ்லோவாக்கியா 1-0 என்று எழுதியிருந்தவர் அவர் ஒருவர்தாம். "தொண்ணூறு நிமிட முடிவில் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், சார்? தொண்ணூறாவது நிமிடத்தில் என்ன எண்ணிக்கை? ஐந்து மதிப்பெண் என் கணக்கில் போடுங்கள்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஐந்தை அவருக்குக் கொடுக்கவில்லை. நடுவர் சேர்க்கும் நேரம் தொண்ணூறு நிமிடத்துக்குள் அடங்கும் என்பது ஆட்டம் அறிந்த எவரும் ஏற்கும் வழக்கம் என்று சொன்னோம், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆட்சேபம் எழுப்பப்பட்டதென்பதை நோட்டில் தேதியிட்டுப் பதிவு செய்யவேண்டும் என்று வற்புறுத்தினார். பதிவு செய்தோம். அதன் கீழேயே, அடுத்த போட்டி முதல் நடைமுறைக்கு வருமென்று குறிப்பிட்டு, 'நடுவர் சேர்த்துக் கொடுக்கும் நேரம் உட்பட' என்ற சொற்களை விதியில் நுழைத்து, திருத்திய பக்கத்தின் நகலை இம்முறை நாமே அவருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் பதில் வந்தது. இந்திப் பெயர்ப்பில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதாகச் சுட்டிக் காட்டியிருந்தார்.